நார்மல் வரிசையில் என் அக்கா

என் அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் யார் யார் பார்க்கிறார்கள் என்று நான் சுற்றிலும் பார்ப்பேன். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள். திடீரென்று பேச்சு நிற்கும், கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், அப்புறம் வாய் திறந்து கெக்கே பிக்கே என்று சிரிப்பு கொட்டும். அதில் சந்தோஷம் மருந்துக்குக்கூட இருக்காது. வாய் சிரிக்கும்போது கண்ணைப் பார்த்தால், மாடியிலிருந்து யாரோ பிடித்துத் தள்ளிவிட்டவளின் கண் மாதிரி இருக்கும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் பார்க்கிறவர்கள் பார்த்து, நினைக்கிறதை நினைத்து முடித்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயரே கெக்கேபிக்கே. எங்கள் அப்பாவுக்கு அது நோயாகத் தெரியவில்லை, திமிராகத் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றுவார். அடி விழுந்தால் பயம் வரும், பயம் வந்தால் சிரிப்பு வரும், சிரித்தால் இன்னும் இரண்டு அடி. "எவ்வளவு கொழுப்பு இருந்தா அடி வாங்கிட்டும் சிரிப்பா" என்று அவர் கத்துவார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். அடி ஓய்ந்த பிறகு அக்கா என்னிடம் வந்து சொல்வாள், "டேய், நான் சிரிக்கலடா. அது சிரிக்குது." எனக்கு என்ன புரியும்? தலையை ஆட்டுவேன். அப்பா செத்த அன்றைக்கும் அது சிரித்தது. சித்தி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப்போய் வாசலில் நிறுத்தினாள். கடைசியாக அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை.

அக்காவைக் கட்டிக்கொண்டவர் மருந்துக் கடை வைத்திருந்தார். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அவர் எதிரில் சிரித்துவிட்டாள். மனுஷன், ஆகா, கலகலப்பான பெண்ணாக இருக்கிறாளே என்று பூரித்துப் போனார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. மருந்து விற்கிறவருக்கு ஆறு மாதத்தில் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்து என்ன செய்தார்? டாக்டரிடம் கூட்டிப்போனாரா? இல்லை. விருந்தாளி வந்தால் அவளை உள்ளே போகச் சொன்னார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

ஒரு மகள் பிறந்தாள். குட்டி என்று கூப்பிட்டோம். அக்கா அப்போது மழலையர் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு உலகத்திலேயே பொருத்தமான இடம் அதுதான். அவள் சிரித்தால் அந்தப் பொடிசுகள் எல்லாம் சேர்ந்து சிரிக்கும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்ததென்றால், அந்தச் சில வருடங்கள்தான்.

குட்டிக்கு ஆறு வயதிருக்கும். அடுக்குமாடிப் படிக்கட்டில் உருண்டு விழுந்து கால் முறிந்துவிட்டது. அம்மா, அம்மா என்று கட்டடமே அதிரக் கத்தினாள். அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டாள். அந்த நேரம் பார்த்து, நாசமாய்ப் போகிற அந்தச் சிரிப்பு வந்து தொலைத்தது. கால் கோணிக் கிடக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேராக, கெக்கே பிக்கே என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். குட்டியும் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கட்டுப் போட்ட காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தான் தன் அம்மா வீட்டுக்குப் போனவர்தான், திரும்பவே இல்லை. பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்.

நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். அந்த அறைக்குள்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. குளிர், டமடம என்று சத்தம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குழாய்க்குள் யாரோ ஒருவர். எங்கள் வக்கீல் யோசனைப்படி அக்காவின் தலையை ஸ்கேன் எடுக்கலாம் என்று முடிவானபோது, நானே அவளைப் படுக்கவைத்தேன். உள்ளே போகும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது இருக்கணும்னு வேண்டிக்கோடா" என்றாள். எல்லாரும் ஒன்றும் இருக்கக்கூடாது என்றுதான் வேண்டுவார்கள். வேறு மாதிரி வேண்டிய ஒரே ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் எங்கள் பெரிய டாக்டர். டீயை உறிஞ்சிக்கொண்டே மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லப்பா, க்ளீன். உங்க அக்காவுக்கு நல்ல மூளை" என்று என் முதுகில் தட்டினார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் நார்மல்."

அவள் முகம் செத்துப் போயிற்று. "ஒண்ணுமே இல்லையா? அப்ப நான் என்னடா?" என்றாள்.

அதே ரிப்போர்ட்டை அத்தானின் வக்கீல் கோர்ட்டில் தூக்கிக் காட்டினார். மூளையில் எந்தக் கோளாறும் இல்லை என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறது, அப்படியென்றால் பெற்ற பிள்ளை கால் முறிந்து கிடக்கும்போது இந்தம்மா சுயநினைவோடுதான் சிரித்திருக்கிறார் என்றார். அக்கா பதில் சொல்ல எழுந்தாள். பேச்சு நின்றது, கண் நிலைகுத்தியது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் சிரித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தீர்ப்பு ஒரு சம்பிரதாயம்தான்.

மழலையர் பள்ளியிலும் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அக்கா ஒரு பெரிய சலவை நிலையத்தில் சேர்ந்தாள். பின்கட்டில், ராட்சச உலர்த்திகளுக்கு நடுவில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. அந்த இரைச்சலில் சிரித்தால் யார் காதிலும் விழாது. அதற்காகவே அந்த வேலையைப் பிடித்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. பிள்ளை வரும், நாற்காலியை வாசல் பக்கம் போட்டுக்கொண்டு உட்காரும், கேட்டதற்குப் பதில் சொல்லும், மணியைப் பார்க்கும். வளர வளர அதுவும் நின்றது. இப்போது விமான டிக்கெட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் பிறந்த நாளுக்கு மட்டும் போனில் ஒரு வரி வரும். அக்கா அந்த ஒரு வரியை ஒரு வாரம் படிப்பாள்.

இனி மெஷின் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. மூளை ஸ்கேனில் கண்ணுக்குத் தப்புகிற சின்னச் சின்னப் புள்ளிகளை, கடுகு, மிளகு அளவுக் கட்டிகளை, கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சிவப்பு வளையம் போட்டுக் காட்டுமாம். ஆழ்கற்றல் என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. பழைய ஸ்கேன்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, ஆட்களின் பெயரை நீக்கி, இரண்டு வரிசையாகப் பிரிப்பார்கள். கோளாறு உள்ளவை ஒரு வரிசை, அதில் டாக்டர்களே கோடு போட்டு இடத்தைக் காட்டியிருப்பார்கள். நார்மல் என்று ரிப்போர்ட் வாங்கியவை இன்னொரு வரிசை. மெஷின் ஒவ்வொன்றாகப் பார்த்து, இங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்று சொல்லும். தப்பாகச் சொன்னால் தப்பு என்பார்கள். அது உள்ளே இருக்கிற கணக்கைத் தானே கொஞ்சம் திருத்திக்கொண்டு அடுத்ததற்குப் போகும். தப்பு, தப்பு என்று சொல்லச் சொல்லத்தான் அது படிக்கும்.

இதைப் படிப்பிக்க வந்த கம்ப்யூட்டர்காரரை நாங்கள் வாத்தியார் என்று கூப்பிட்டோம். என் அறைக்குப் பக்கத்து அறைதான் அவருக்கு. கெட்டிக்காரர், அதில் குறை சொல்லமாட்டேன். காப்பி மெஷின் பக்கம் நிற்கும்போது என்னிடம் புலம்புவார். "எல்லாம் நல்லா கத்துக்குது சார். ஒரே ஒரு நார்மல் கேஸ்ல மட்டும் அடம் பிடிக்குது. புதுசா ஆரம்பிக்கிறப்பல்லாம் அதுல போய் வளையம் போடுது. தட்டித் தட்டி அடக்க வேண்டியிருக்கு." நானும், "நல்லா ரெண்டு தட்டு தட்டுங்க சார்" என்று சிரித்திருக்கிறேன்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. அப்புறம் ஒரு புது டாக்டரம்மா வந்து சேர்ந்தார். சின்ன வயது, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற ரகம். பெரிய டாக்டருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மூளையின் அடிப்பக்கம் நடுவில் ஒரு இடம், அங்கே புள்ளி இருக்கிற நோயாளிகளையே இந்த மெஷின் கோட்டை விடுகிறதே, ஏன் என்று டாக்டரம்மா குடைய ஆரம்பித்தார். வாத்தியார் அந்த அடம் பிடிக்கிற கேஸைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு நானும் அறையில் இருந்தேன்.

"எப்பவும் ஒரே இடத்துலயா வளையம் போடுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமா மேடம். அச்சு அசலா அதே இடம்."

"தப்பு பண்ற மெஷின் இடம் மாத்தி மாத்தித்தானே தப்பு பண்ணும்? ஒவ்வொரு தடவையும் புதுசா படிச்சுட்டு வந்து அதே இடத்தைக் காட்டுதுன்னா, அங்க ஏதோ இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

வாத்தியார் கழுத்தைச் சொறிந்தார். "ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கே மேடம். நாங்க டாக்டர் இல்லையே."

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இருக்கு. மிளகு சைஸ்தான், ஆனா இருக்கு. இந்த இடத்துல இருந்தா காரணமே இல்லாம சிரிப்பு வரும். வலிப்புல அது ஒரு வகை. இந்தப் பேஷன்ட் யாருன்னு கண்டுபிடிச்சு உடனே கூப்பிடணும்" என்றார். பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்த நம்பரைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் ஆள் யார் என்று வரும். அந்த அனுமதி என்னிடம்தான் இருந்தது. போட்டேன். திரையில் என் அக்காவின் பெயர் வந்தது. பக்கத்தில், உடன் வந்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

வாத்தியாரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அடப்பாவி, அது சொல்லிட்டே இருந்திருக்கு, நீ தட்டித் தட்டி வாயை மூடியிருக்கியே!" என்று கத்தினேன். டாக்டரம்மாதான் விலக்கிவிட்டார். நல்ல மூளைக்கு உதாரணமாக என் அக்காவின் மூளையைக் காட்டி அந்த மெஷினைப் படிக்க வைத்திருக்கிறார்கள். என்ன கண்றாவி இது! அது பார்த்ததைச் சொல்லியிருக்கிறது, பொய் சொல்லாதே என்று அதன் தலையில் குட்டியிருக்கிறார்கள். அப்படிக் குட்டிக் குட்டியே, அந்த இடத்தில் கட்டி இருக்கிற மற்றவர்களையும் பார்க்காமல் இருக்க அது பழகிவிட்டது. அப்படி எத்தனை பேரை நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினார்களோ, யாருக்குத் தெரியும்?

பெரிய டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தக் காலத்து ஸ்கேன்ல அவ்வளவு சின்னது தெரியாதுப்பா" என்றார். ஐயா, மெஷின் பார்த்ததும் அதே ஸ்கேன்தானே? வாயில் நன்றாக வந்தது, வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் அவரே என் அக்காவின் படத்தைத் திரையில் போட்டு, அபூர்வமான கேஸ் என்று விளக்கினார். கை தட்டினார்கள். படத்தை நார்மல் வரிசையிலிருந்து எடுத்துச் சரியான வரிசையில் போட்டு வாத்தியார் மெஷினைத் திரும்பப் படிக்க வைத்தார். இப்போது அது நன்றாகவே வேலை செய்கிறது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். சலவை நிலையத்தின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கை இரண்டும் சூட்டில் சிவந்திருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப மெஷின் மட்டும்தான் என்னை நம்புச்சா?" என்றாள்.

"ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்திருக்குக்கா."

"அதுக்கு நீங்க எல்லாம் என்ன சொன்னீங்க?"

"தப்புன்னு சொல்லிட்டாங்க."

"பாவம் அது" என்றாள். என்னைச் சொல்லவில்லை, தன்னையும் சொல்லவில்லை, அந்த மெஷினைச் சொன்னாள்.

மெல்லிய கம்பி ஒன்றை மூளைக்குள் செலுத்திச் சூடேற்றினால் அந்தப் புள்ளியை அழித்துவிடலாம், சிரிப்பு நின்றுபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். சீக்கிரமே செய்துவிடலாம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல குட்டிகிட்ட சொல்லு" என்றாள்.

"ஆபரேஷன் முடியட்டும்க்கா, அப்புறம் நிதானமா சொல்லலாம்."

"உனக்குப் புரியலடா. சிரிப்பு நின்னதுக்கப்புறம் அவ வந்தா, குணமான அம்மாவைப் பார்க்க வந்ததா ஆயிடும். சிரிச்சவளை மன்னிச்ச மாதிரி ஆயிடும். நான் சிரிக்கவே இல்லடா. அது இருக்கும்போதே அவ வந்து என் பக்கத்துல உட்காரணும். எனக்கு அது போதும். அதுக்கப்புறம் தலையை வெட்டிக்கூட எடுத்துக்கோங்க."

இவ்வளவு தெளிவாக அவள் எதையும் கேட்டதே இல்லை. சிவப்பு வளையம் போட்ட படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு குட்டியின் அலுவலகத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். கீழே இருந்த டீக்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் கையில் வாங்கியவள் வைக்கவே இல்லை.

"அப்ப அன்னிக்கு அம்மா சிரிக்கலையா மாமா?"

"இல்லடா கண்ணு. வலிப்பு அது."

"நான் கோர்ட்ல அந்த ஜட்ஜ் அங்கிள்கிட்ட சொன்னேன் மாமா. எனக்கு வலிக்கிறது அம்மாவுக்குப் பிடிக்கும்னு சொன்னேன்." அவ்வளவுதான், கடை என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்றாள்.

அந்த ஒரு வாரம் அக்கா தரையில் நடக்கவில்லை. ஜன்னல் திரையைத் துவைத்தாள், புது டீக்கோப்பை வாங்கினாள், நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று என்னைப் போன் போட்டுக் கேட்டாள். "உன் பக்கத்துலயே போடுக்கா" என்றேன். வந்தாள் குட்டி. அம்மாவைவிட உயரமாகிவிட்டிருந்தாள். வாசலிலேயே, "அம்மா" என்று கட்டிக்கொண்டாள். என் அக்காவை அப்படி யாராவது கட்டிப்பிடித்து எத்தனை காலம் ஆயிற்றோ. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வேலை எப்படி, மேலாளர் எப்படி, முடியை ஏன் வெட்டினாய் என்று அக்கா கேட்டுக்கொண்டே போனாள். நான் டீ போட எழுந்தேன், எனக்கு அங்கே என்ன வேலை?

"அம்மா, நான் உங்களைப் பத்தித் தப்பா" என்று குட்டி ஆரம்பித்தாள். அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீ அப்ப குழந்தைடா, உனக்கு என்ன" என்றாள். பேச்சு நின்றது. கண் நிலைகுத்தியது.

நான் ஓடிவந்தேன். "இதுதான் குட்டி, படத்துல பார்த்தியே அதுதான், அரை நிமிஷம், இப்பப் போயிடும்" என்றேன். "தெரியும் மாமா, தெரியும்" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே கையை உருவினாள். "தெரியும், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அக்கா அவள் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டிருந்தாள். குட்டி சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே வாசல்வரை போய்விட்டாள். அத்தனையும் அக்காவின் கண் பார்த்தது. அவளுக்கு அந்த நேரத்தில் நினைவு தப்பாது. எல்லாம் தெரியும், எதுவும் செய்யத்தான் முடியாது.

நான் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினேன். "தெரிஞ்சுதானே வந்தே? இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படி ஓடினா என்ன அர்த்தம்?" என்று கத்திவிட்டேன்.

"நம்புறேன் மாமா, சத்தியமா நம்புறேன். ஆனா அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பு கேட்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?" கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்லுங்க மாமா. கண்டிப்பா வரேன்." இறங்கிப் போய்விட்டாள்.

திரும்பி வந்தேன். அக்கா விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"நம்புனாளாடா?"

"நம்புறாக்கா. சத்தியமா நம்புறேன்னு சொன்னா."

அக்கா தலையை ஆட்டினாள். "இத்தனை வருஷமும், என்னை நம்பாததாலதான் வரலன்னு சொல்லி மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்" என்றாள். "இனிமே எதைச் சொல்லித் தேத்திக்கிறது?"